மலாவியில் ஆராய்ச்சி நடக்கிறது, வார்டில் ஆக்சிஜன் இல்லை: ஏன்?

பொருநைக்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம். நான் மருத்துவக் கருவிகள் பழுது பார்க்கிறவன். ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் மூன்று வருடம் வேலை செய்தேன், பெரும்பாலும் தெற்கே, பிளான்டைர் நகரைச் சுற்றியுள்ள மாவட்ட மருத்துவமனைகளில். ஊர் திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே மருத்துவம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஒரு மாவட்ட மருத்துவமனை. பெயர் வேண்டாம். குழந்தைகள் வார்டில் ஆறு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்கள் (சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள்) நின்றன. ஓடியது இரண்டு. ஓடாத ஒன்றைத் திறந்தேன். காற்று உள்ளே போகிற வாயில் இருக்கும் பஞ்சு வடிகட்டி செம்மண் அப்பி, காய்ந்த வறட்டி மாதிரி கெட்டியாக இருந்தது. வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைத்துப் போட வேண்டிய சாமான் அது. அதைச் செய்யாததால் உள்ளே சூடேறி கம்ப்ரஸர் போய்விட்டது. பெட்டியின் மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் பளிச்சென்று ஒட்டியிருந்தது. உதிரி பாகம் யாரிடம் கேட்பது என்று எங்கேயும் எழுதியில்லை.

அன்று ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் கிளினிக்கல் ஆபீசர் ஒருவர் (மூன்று வருட டிப்ளமோ படித்தவர்கள், அங்கே வார்டைத் தாங்குவது அவர்கள்தான்) ஒரு குழந்தைக்குக் கையால் பை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். அந்தக் குழந்தையின் அம்மா செல்போன் வெளிச்சத்தைக் கை நடுங்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தை பிழைத்தது. அடுத்த கட்டிலில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை.

அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டியில் போனால் பிளான்டைரில் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனை. 1995 முதல் மலாவி-லிவர்பூல்-வெல்கம் ஆராய்ச்சித் திட்டம் அந்த வளாகத்தில் இயங்குகிறது. அங்கே கண்டுபிடிப்பதை உலகமே படிக்கிறது. அவ்வளவு அறிவு இருக்கிற இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஒரு வடிகட்டியை அலச ஆள் இல்லை. இது எப்படி?

செங்கதிர் | திங்கள், இரவு 10.25

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏழை நாட்டு நோயாளி, பணக்கார நாட்டு ஆய்வாளர், வெளியே வருவது ஆய்வுக் கட்டுரை. ரத்தம் அவர்களுடையது, பெயர் இவர்களுடையது. ஆய்வுக்கு ஒதுக்குகிற பணத்தை அப்படியே நர்ஸ் சம்பளமாகக் கொடுத்தால் எத்தனை குழந்தைகள் பிழைக்கும்? அந்தக் கணக்கை யாராவது போடுங்கள்.

குறிஞ்சிப்பூ | செவ்வாய், காலை 6.15

செங்கதிர், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு ஒரு குழந்தை மருத்துவராகப் பதில் சொல்ல வேண்டும்.

மூளை மலேரியாவை எடுத்துக்கொள்வோம். நினைவில்லாமல் தூக்கி வரப்படும் குழந்தை எவ்வளவு ஆழமான மயக்கத்தில் இருக்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். பெரியவர்களுக்கான அளவுகோலில் பேச்சை வைத்து மதிப்பெண் போடுவார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் என்ன பேச்சை எதிர்பார்ப்பது? 1980களின் கடைசியில் மால்கம் மாலினோவும் டெரி டெய்லரும் பிளான்டைரில் ஓர் அளவுகோல் உண்டாக்கினார்கள். நகத்தில் பென்சிலை வைத்து அழுத்தினால் கையை இழுக்கிறதா, அழுகை எப்படி இருக்கிறது, கண் அம்மாவின் முகத்தைத் தொடர்ந்து போகிறதா. மொத்தம் 5 மதிப்பெண், 2 அல்லது அதற்குக் கீழே என்றால் கோமா. மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். அந்த ஊர்ப் பெயரோடுதான் உலகம் முழுக்க அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்தது இன்னும் கனமானது. மூளை மலேரியா என்று முடிவு செய்து சிகிச்சை கொடுத்தும் இறந்துபோன 31 குழந்தைகளின் உடல்களை, பெற்றோர் சம்மதத்தோடு பரிசோதித்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. 31இல் 7 குழந்தைகள் இறந்தது வேறு காரணத்தால். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது, ஆனால் கொன்றது அது இல்லை. மலேரியா அதிகமாக உள்ள ஊரில் நல்லா ஓடியாடுகிற பிள்ளையின் ரத்தத்திலும் கிருமி இருக்கும். கிருமியைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டால் மற்ற நோய் தப்பித்துவிடும். உயிரோடு இருக்கும்போதே எது அசல் மூளை மலேரியா என்று பிரித்துக் காட்டிய நல்ல அடையாளம் கண்ணுக்குள் இருந்தது: விழித்திரையில் வெளுப்பு, ரத்தக்குழாய் நிறம் மாறுவது, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு சின்னச் சின்ன ரத்தக் கசிவுகள். கண் சொட்டு மருந்தும், கண்ணுக்குள் பார்க்கிற ஒரு ஆப்தால்மோஸ்கோப்பும் போதும்.

பிறகு 2008இல் அந்த நாட்டின் முதல் எம்ஆர்ஐ அங்கே வந்தது. 2015இல் வெளியான முடிவு: ஸ்கேன் எடுத்த 168 குழந்தைகளில் 25 பேர் இறந்தார்கள், அவர்களில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. வீங்கிய மூளை கீழே அழுத்த, மூச்சு நின்றுவிடுகிறது. பிழைத்தவர்களில் அந்த வீக்கம் இருந்த சிலருக்கு ஓரிரு நாளில் அது வடிந்தும் இருக்கிறது. அப்படியானால் வீக்கம் வடியும் வரை மூச்சைத் தாங்கிப் பிடித்தால் பிழைக்குமா? இந்த வார்டில் நின்று பார்த்ததால் கேட்க முடிந்த கேள்வி இது.

அந்த 31 பெற்றோரையும் நினைத்துப் பாருங்கள். செத்த பிள்ளையின் உடம்பைத் திறக்க ஒப்புக்கொண்டவர்கள். அவர்கள் கொடுத்ததை ‘கட்டுரை’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நாளும்_ஒரு_கேள்வி | செவ்வாய், காலை 8.02

டாக்டர், நான் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு. குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்து மலாவியில் திரும்பவும் வேலை செய்தது என்று வகுப்பில் ஒரு வரி சொன்னார்கள். எதிர்ப்பு வந்துவிட்டால் வந்ததுதான் என்று நினைத்திருந்தேன். விளக்க முடியுமா?

குறிஞ்சிப்பூ | செவ்வாய், காலை 8.50

நல்ல கேள்வி தம்பி. ஆப்பிரிக்காவில் முதன்முதலாகக் குளோரோகுயினைக் கைவிட்ட நாடு மலாவி, 1993இல். அதற்குப் பதில் சல்பாடாக்சின்-பைரிமெத்தமைன் கொண்டு வந்தார்கள். மருந்து நாடு முழுக்க நின்றதும், எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த கிருமிக்கு அந்தச் சுமையால் லாபம் இல்லாமல் போனது. மருந்துக்குக் கட்டுப்படும் பழைய கிருமி மேலே வந்தது. எதிர்ப்பு மரபணு உள்ள கிருமி 1992இல் 85 சதவீதம், 2000இல் 13 சதவீதம். சரி, மருந்தே மறுபடி குணப்படுத்துகிறதா என்று பிளான்டைரில் குழந்தைகளிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். குளோரோகுயின் கொடுத்த 80 பேரில் தோற்றது 1. சல்பாடாக்சின் கொடுத்த 87 பேரில் தோற்றது 71.

இரண்டாவது எண்ணை விட்டுவிடாதே. அப்போது நாட்டில் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்த மருந்து அது. அடுத்த வருடம், 2007இல், ஆர்ட்டிமெதர்-லூமெஃபான்ட்ரினுக்கு மாறினார்கள்.

யாழ்நிலவன் | செவ்வாய், மாலை 5.30

நான் லண்டனில் மருந்தாளர். எச்ஐவி பக்கத்தில் ஒரு விஷயம் சொல்லவேணும். செங்கதிர் அண்ணை, ‘வெளியிலயிருந்து வந்தவன் சொன்னான், அவை செய்தினம்’ என்ற கதை எல்லா இடத்திலும் பொருந்தாது.

கர்ப்பிணிக்கு எச்ஐவி இருந்தால் வாழ்நாள் மருந்து தொடங்கலாமா என்று முடிவு செய்ய, ரத்தத்தில் சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களை எண்ணவேணும் என்பது அப்போதைய உலக விதி. மலாவியில் அந்தக் கருவி பெரிய ஊர்களில்தான். கிராமத்து சுகாதார நிலையத்திலிருந்து ரத்தம் போய், முடிவு திரும்பி வரும் முன்னம் பிள்ளை பிறந்துவிடும். 2011இல் மலாவி சுகாதார அமைச்சு சொன்னது: எண்ண வேண்டாம், எச்ஐவி உள்ள கர்ப்பிணி எல்லாருக்கும் அன்றைக்கே தொடங்குங்கோ, ஆயுள் முழுக்க. ‘ஆப்ஷன் பி பிளஸ்’ என்று பெயர். 2011இன் இரண்டாம் காலாண்டில் மருந்து தொடங்கிய கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 1,257 பேர். 2012இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர். 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதையே பரிந்துரையாக எழுதியது. கருவி இல்லாத நாடு, கருவி தேவையில்லாத வழியைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் கொடுத்திருக்கு.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஆறு மாதத்தில் 17 சதவீதப் பெண்கள் வராமல் போனார்கள். கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்களில், முதல் நாள் மருந்து வாங்கிக்கொண்டு பிறகு வரவே வராதவர்கள், நோய் முற்றியதாலோ சிடி4 குறைந்ததாலோ தொடங்கிய பெண்களை விட ஐந்து மடங்கு. கர்ப்பப் பரிசோதனைக்கு என்று வந்தவளுக்கு, அதே காலையில் நோயையும் சொல்லி, ஆயுளுக்கும் மாத்திரை என்று கையில் கொடுத்து அனுப்பினால் அவள் வீட்டுக்குப் போய் யாரிடம் என்னவென்று சொல்லுவாள்? அதைப் பிறகுதான் கவனித்து, ஆலோசனைக்கும் கூட இருக்கும் தாய்மார் குழுக்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

பொருநைக்கரை | செவ்வாய், இரவு 9.10

டாக்டர், யாழ்நிலவன், இரண்டு பேருக்கும் நன்றி. நான் கேட்டதற்கு விடை எனக்குத் தெரிந்த ஒரு கருவியிலேயே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

குமிழி சிபாப் என்று ஒன்று. குழந்தையின் மூக்கில் குழாய் வைத்துக் காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்புவோம், குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் முனை இருக்கிறதோ அத்தனை அழுத்தம். தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் எல்லாம் சரி, குமிழி நின்றால் எங்கோ கசிவு. வெளிநாட்டுக் கருவி விலை கட்டுப்படியாகாது என்பதால் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்களும் குயின் எலிசபெத் மருத்துவர்களும் சேர்ந்து மலிவாக ஒன்று செய்தார்கள். முதல் மாதிரியில் மீன் தொட்டிக்குப் போடுகிற காற்றுப் பம்புதான் இருந்தது. பின்னால் வந்த கருவிக்கு ‘புமானி’ என்று செவா மொழியில் பெயர். மூச்சு விடுவதற்கும் இளைப்பாறுவதற்கும் அவர்களுக்கு ஒரே சொல்.

குயின் எலிசபெத்தில் மூச்சுத் திணறலோடு இருந்த பச்சிளம் குழந்தைகளிடம் பயன்படுத்தினார்கள். வெறும் ஆக்சிஜன் கிடைத்தவர்களில் பிழைத்தது 44 சதவீதம். இந்தக் கருவியில் 71 சதவீதம். 2014இல் முடிவு வந்தது. எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பலாம் என்று உற்சாகம்.

அப்புறம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இன்னொரு ஆய்வு. இந்தத் தடவை கொஞ்சம் பெரிய குழந்தைகள், கடுமையான நிமோனியா, கூடவே எச்ஐவியோ ஊட்டக்குறைவோ ஆக்சிஜன் குறைவோ உள்ளவர்கள். 644 பேர். 2019இல் வெளியானது. சாதாரண ஆக்சிஜனில் இறந்தது 11 சதவீதம். குமிழி சிபாப்பில் இறந்தது 17 சதவீதம். உயிர் காக்கும் என்று கொண்டுபோனதில் கூடுதல் பேர் இறந்திருக்கிறார்கள்.

நான் அந்தக் கருவியைக் கையில் வைத்துப் பழகியவன். அதை ஒரு குழந்தைக்கு மாட்டிவிட்டுப் போக முடியாது. மூக்குத் துளைக்குப் பொருந்தாத அளவு குழாய் போட்டால் புண்ணாகும். சளி அடைக்கும், உறிஞ்சி எடுக்க வேண்டும். வயிற்றில் காற்று நிரம்பும், வாந்தி நுரையீரலுக்குப் போகும். மணிக்கு மணி பார்க்க ஒரு ஆள் வேண்டும். நான் போன வார்டுகளில் இரவில் ஒரு நர்ஸ், அறுபது எழுபது குழந்தைகள். வயதும் நோயும் வேறு என்பதால் இரண்டு ஆய்வையும் நேராக ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் என் கண்ணுக்குப் பட்ட பெரிய வித்தியாசம் கட்டில் பக்கத்தில் நிற்கிற ஆள்.

ஆகவே செங்கதிர், நர்ஸ் சம்பளம் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் ‘இதை இப்படியே மாவட்டங்களுக்கு அனுப்பாதீர்கள்’ என்று சொன்னதும் அந்த ஊரில் நடந்த ஆய்வுதான். அது இல்லாவிட்டால் நல்ல மனதோடு நாம் எல்லா ஊருக்கும் பெட்டி பெட்டியாக அனுப்பியிருப்போம். பழுது பார்க்க நானும் பின்னாலேயே போயிருப்பேன்.

செங்கதிர் | புதன், காலை 7.20

இந்த எண்களைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ரத்தம் பற்றிச் சொன்னதை விட மாட்டேன். 2017இல் தெற்கு மலாவியில் ‘ரத்தம் உறிஞ்சுகிறவர்கள்’ வருகிறார்கள் என்று வதந்தி பரவி, சந்தேகப்பட்டவர்களை ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றார்கள். முலாஞ்சே, பலோம்பே மாவட்டங்களிலிருந்து ஐ.நா. தன் ஊழியர்களை வெளியேற்றியது. படிக்காத சனங்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ காரில் வருகிறார்கள், ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள், என்ன ஆனது என்று சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை என்றால் அந்த ஊர் என்னதான் நினைக்கும்?

வெண்ணிலா | புதன், மதியம் 1.45

நான் ஸ்டாஃப் நர்ஸ், பதினான்கு வருடம் குழந்தைகள் வார்டு. பொருநைக்கரை அண்ணா, ஒரு ராத்திரிக்கு ஒரு நர்ஸ், அறுபது குழந்தைகள் என்று எழுதியதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. எனக்கு முப்பது குழந்தைகள் வந்த இரவுகளே இன்னும் மறக்கவில்லை. அங்கே நர்ஸ் செய்ய முடியாததை யார் செய்கிறார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறதென்று யார் முதலில் பார்க்கிறார்கள்?

பொருநைக்கரை | புதன், மாலை 6.30

அம்மாக்கள்தான், சகோதரி. ‘கார்டியன்’ என்று சொல்வார்கள். ஒவ்வொரு நோயாளியோடும் வீட்டு ஆள் ஒருவர் வந்து தங்கியே ஆக வேண்டும். வளாகத்தின் ஓரத்தில் அவர்களுக்கென்று ஒரு கொட்டகை. மூன்று கல் வைத்து, மக்காச்சோள மாவில் ‘ந்சிமா’ கிண்டுவார்கள், நம்ம ஊர்க் களி மாதிரி. துணி துவைப்பது, சாப்பாடு ஊட்டுவது, இரவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்து நர்ஸைத் தேடி ஓடுவது எல்லாம் அவர்கள்தான். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால் மினிபஸ் காசும், விட்டுவிட்டு வந்த வயல் வேலையும் இலவசம் இல்லை. அதனால்தான் குழந்தைகள் தாமதமாக வருகின்றன.

இன்னொன்று சொல்ல வேண்டும். நோயாளியின் குறிப்பு மருத்துவமனையில் இருக்காது. ‘ஹெல்த் பாஸ்போர்ட்’ என்று ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், நோயாளியிடமே இருக்கும். பிறந்த எடை, தடுப்பூசி, போன வருஷ மலேரியா எல்லாம் அதில்தான். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகி வருவார்கள். இருபது கிலோமீட்டர் நடந்து வந்தும் அந்த நோட்டில் ஒரு மடிப்புக் கூட விழாமல் வைத்திருந்த ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன்.

செங்கதிர், நீங்கள் சொன்ன ரத்த விஷயம் உண்மை. ஆய்வுக்குச் சம்மதம் வாங்கும்போது படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சி ஒருவரை வைத்து செவாவில் வாசித்துக் காட்டிப் பெருவிரல் ரேகை வாங்குவார்கள். விதிப்படி சரி. ஆனால் முடிவைத் திரும்ப வந்து அதே ஊர் மரத்தடியில் சொன்ன குழுக்களையும் பார்த்தேன், சொல்லாமல் போனவர்களையும் பார்த்தேன். சொன்ன ஊரில் அடுத்த தடவை வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

குறிஞ்சிப்பூ | புதன், இரவு 10.05

திரும்பிப் போய்ச் சொல்வதோடு நிற்கக் கூடாது, முடிவு மருந்தாகவும் திரும்பிப் போக வேண்டும். டைபாய்டில் அப்படி நடந்தது. குயின் எலிசபெத்தில் 1998 முதல் காய்ச்சல் நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்துப் பதிவு செய்து வருகிறார்கள். 2010 வரை வருடத்துக்குச் சராசரி 14 டைபாய்டு. 2011இல் 67. 2014இல் 782, அதில் பெரும்பாலும் பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி. வருடக் கணக்கில் அலுக்காமல் எண்ணி வைத்ததால்தான் ஏறுவது தெரிந்தது. 2018இல் சுமார் 28,000 குழந்தைகளிடம் ஐதராபாத்தில் தயாரான தடுப்பூசியைச் சோதித்தார்கள். பாதுகாப்பு 80 சதவீதத்துக்கு மேல். 2023 மே மாதம் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஆய்வில் கை நீட்டிய ஊருக்கு ஐந்து வருடத்தில் ஊசி வந்து சேர்ந்தது. இதுதான் நியாயமான கணக்கு.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்தில் கதை அரைகுறை. பணக்கார நாடுகளில் மிக நன்றாக வேலை செய்தது, மலாவியில் சுமார் 49 சதவீதம்தான். ஏன் என்று பிளான்டைர், லிவர்பூல், நம்ம வேலூர் மூன்று ஊர்க் குழந்தைகளையும் ஒரே முறையில் ஆராய்ந்தார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் அதிகமாக இருந்தாலும், குடலில் சின்ன வயதிலேயே பலவிதக் கிருமிகள் குடியேறியிருந்தாலும் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. வேலூர்க் குழந்தையும் பிளான்டைர்க் குழந்தையும் ஒரே மாதிரித் தண்ணீரையும் மண்ணையும் வாயில் வைத்து வளர்கிறவர்கள். அந்த நாட்டுப் பிரச்சினை என்று நான் இதைத் தள்ளிப் பார்ப்பதே இல்லை. அந்த 49 சதவீத மருந்தையும் மலாவி 2012இல் அட்டவணையில் சேர்த்தது, சரியான முடிவு. வயிற்றுப்போக்கில் சாகிற பிள்ளைகள் அவ்வளவு பேர் இருக்கும்போது பாதிப் பாதுகாப்பே நிறைய உயிர்.

யாழ்நிலவன் | வியாழன், மாலை 4.15

தண்ணீர் என்றதும் காலரா ஞாபகம் வருகுது. 2022 மார்ச்சில் தெற்கில் தொடங்கி அடுத்த வருடம் வரை இழுத்தது, 58,000க்கு மேல் நோயாளிகள், 1,700க்கு மேல் சாவு. அந்த நாட்டு வரலாற்றில் இவ்வளவு பெரியது இல்லை. அது ஓயும் முன்னமே 2023 மார்ச்சில் ஃப்ரெடி சூறாவளி, பிளான்டைர் மலைச்சரிவில் இருந்த வீடுகளை மண்ணோடு கொண்டுபோனது. பிறகு 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தம். எச்ஐவி சேவையில் எவ்வளவோ ஆட்களின் சம்பளம் அந்தப் பணம். அண்ணை, அங்கே உங்களோடு வேலை செய்தவர்களோடு தொடர்பு இருக்கா?

பொருநைக்கரை | வியாழன், இரவு 9.50

இருக்கிறது. என்னோடு வேலை கற்ற ஒரு பையன் அதே மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறான். அவன் சம்பளம் அரசுடையது, அதனால் வேலை போகவில்லை. எச்ஐவி கிளினிக்கில் வராத தாய்மார்களைத் தேடி சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு வேலை போய்விட்டது என்றான். இப்போது வராதவர்கள் யார் என்று நோட்டில் இருக்கிறது, தேடிப் போக ஆள் இல்லை.

ஒரு நல்ல செய்தி, நேற்று போட்டோ அனுப்பினான். ஓடாமல் நின்ற நான்கு கான்சென்ட்ரேட்டரில் இரண்டை, கெட்டதிலிருந்து கழற்றிய பாகங்களை வைத்தே ஓட வைத்துவிட்டான். வடிகட்டி அலசுகிற வேலையை சனிக்கிழமை தோறும் கார்டியன் கொட்டகைப் பெண்களிடம் கேட்டுச் செய்கிறார்களாம். சுவரில் வரிசையாகக் கொடியில் காய்கிறது. ஒன்றில் மட்டும் ஆக்சிஜன் 78 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை, 82க்குக் கீழே அலாரம் அடிக்கிறது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் சியோலைட் மணிகள் ஈரம் ஏறிக் கெட்டிருக்கும் என்பது என் ஊகம். ஐந்து லிட்டர் கருவிக்கான சியோலைட் உருளை ஜோடி இங்கே எங்கே நியாய விலைக்குக் கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா? அடுத்த மாதம் தெரிந்தவர் ஒருவர் மலாவித் தலைநகர் லிலோங்வே போகிறார், கையில் கொடுத்துவிடலாம்.

வெண்ணிலா | வியாழன், இரவு 10.20

எங்கள் மருத்துவமனைக்கு சர்வீஸ் செய்கிறவர் பழைய கருவிகளிலிருந்து எடுத்து வைத்திருப்பார் அண்ணா. நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் கேட்கிறேன். மாடல் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பச்சிளம் குழந்தைக்கான மூக்குக் குழாய் எந்த அளவு தேவை என்றும் அந்தத் தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.